ஹார்மோன் மேலேயே பழியைப் போடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

தன்னுடல் தாக்குநோய் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, நோயாளிகளில் ஐந்துக்கு நான்கு பேர் பெண்கள் என்று சரியாகவே சொன்னது. ஆனால் ‘ஹார்மோன்தான் காரணம்’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த நோய்களில் ஒன்றான லூபஸோடு 11 வருடமாகக் குப்பை கொட்டுகிறவள் நான். காலையில் விரல்கள் விறைத்துப்போய்ப் பற்பசை மூடியைக்கூடத் திருக முடியாமல் நின்ற நாட்களில், “பெண்களுக்கு ஹார்மோன் ஏறி இறங்கும், அதான்” என்று ஒரு மருத்துவர் திருப்பி அனுப்பினார். இன்னொருவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தந்தபோது ஒன்றரை வருடம் ஓடியிருந்தது.

ஹார்மோனுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வழக்கமாகப் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு ஒரு எக்ஸும் ஒரு ஒய்யும். கூடுதலாக ஒரு எக்ஸோடு, அதாவது எக்ஸ்எக்ஸ்ஒய் என்று பிறக்கும் ஆண்களைப் பாருங்கள். மற்ற ஆண்களைவிட அவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு சுமார் 14 மடங்கு. ஏறக்குறைய பெண்களின் அளவுக்கே வந்துவிடுகிறது.

பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று வாயடைக்கப்படுகிறது என்று மரபியல் விஞ்ஞானி மேரி லயன் 1961லேயே சொன்னார். ஆரஞ்சும் கருப்புமாகத் திட்டுத்திட்டான பூனையைப் பார்த்திருப்பீர்கள். அநேகமாக அது பெண் பூனைதான். ஆரஞ்சா இல்லையா என்பதை முடிவுசெய்யும் மரபணு எக்ஸில் இருப்பதால், ஒரு திட்டில் ஒரு எக்ஸ் பேசுகிறது, அடுத்த திட்டில் மற்றது. டிஎன்ஏவின் எழுத்தைத் தொடாமல், மேலே வேதிக்குறிகளைப் போட்டு மரபணுக்களை அடக்கும் இந்த வேலை எபிஜெனடிக்ஸில் ஒரு வகை.

சரி, வாயடைத்த எக்ஸுக்குப் பூட்டு முழுதாக விழுகிறதா என்றால் இல்லை. வைரஸை மோப்பம் பிடிக்கும் டிஎல்ஆர்7 மரபணு, சில நோய் எதிர்ப்புச் செல்களில் இரண்டு எக்ஸிலிருந்தும் வேலை செய்கிறது. மோப்பம் அதிகமானால் சொந்த உடம்பும் எதிரியாகத் தெரிகிறது.

வழக்கமாகப் பெண்ணின் செல்களில் உருவாகி எக்ஸுக்குப் பூட்டுப் போடும் மூலக்கூறான எக்ஸ்இஸ்ட் ஆர்என்ஏவே சும்மா இருப்பதில்லை. அதோடு ஒட்டிக்கொள்ளும் புரதங்கள் பலவற்றை நோயாளிகளின் உடல் எதிர்க்கிறது. 2024ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மரபணுக்களை அடக்காத ஒரு எக்ஸ்இஸ்டை ஆண் எலிகளுக்குள் சேர்த்து, லூபஸைத் தூண்டும் ரசாயனத்தையும் செலுத்தினார்கள். நோய் எளிதில் வரக்கூடிய எலி வகையில், ஆண் எலிகளும் பெண் எலிகளுக்கு நிகராக நோயுற்றன. பெண் ஹார்மோனை யாரும் ஏற்றவில்லை.

அடுத்த இதழில் ஒரு பத்தியாவது இதற்கு ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி