மேட்டுப் பண்ணைப் பெரியவருக்கும் உங்கள் எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் புகுந்தது உங்களுக்குத் தெரியும், அதைத் திரும்பச் சொல்லப் போவதில்லை. நாங்கள் நால்வரும் நலம். சுவர்கள் இன்னும் காய்ந்துகொண்டிருக்கின்றன. வீடு முழுக்கக் காய்ந்த பிறகு நன்றி சொல்லிக்கொள்ளலாம் என்று இருக்க மனம் கேட்கவில்லை.

விடியும் முன்பே மண்வெட்டியும் வாளியுமாக வந்து நின்ற தெருக்காரர்கள், மாடி அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்த எதிர்வீட்டார், பிராட்ஃபோர்டிலிருந்தும் லீட்ஸிலிருந்தும் சாம்பார் சாதமும் தயிர் சாதமுமாகக் கட்டிக்கொண்டு வந்த நம் நண்பர்கள், பிள்ளைகளுக்குச் சீருடை வாங்கித் தந்தவர்கள், காப்பீட்டுப் படிவங்களோடு நள்ளிரவு வரை உட்கார்ந்த தம்பி, உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன். இங்கே ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. மேட்டில் ஆடு வளர்க்கும் பெரியவர். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நாம் இருக்கும் இந்த யார்க்‌ஷயர் பக்கத்துக் கால்டர் பள்ளத்தாக்கின் பழைய விவசாயச் சொற்களை நான் நோட்டில் எழுதி வருவது உங்களில் பலருக்குத் தெரியும். சொல் ஆங்கிலத்தில், விளக்கம் தமிழில். அந்த நோட்டுகள் எல்லாமே கீழ் அலமாரியில்தான் இருந்தன. வாசலில் சேறும் சகதியுமாகக் கிடந்த குவியலுக்குள் அவையும் கிடந்தன. பக்கத்து வீட்டுக்குப் பம்ப் கொண்டுவந்த பெரியவர் என்னைப் பார்த்து நின்றார். "ஸ்டார்வ்டா இருக்கியேம்மா" என்றார். பசியைக் கேட்கவில்லை. இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்குக் குளிரில் விறைத்துப்போவது என்று பொருள். பழைய ஆங்கிலத்தில் அது சாவதைக் குறித்த வினை. பொது வழக்கில் பட்டினிக்குப் போய்விட்டது, யார்க்‌ஷயர் வயல்காட்டில் குளிருக்கு வந்தது. அந்த நிலையிலும் அந்தச் சொல் காதில் விழுந்ததும் என் கண் நோட்டுகளைத் தேடியது. அவரும் அங்கே பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. வண்டியிலிருந்து காலித் தீவனச் சாக்கு ஒன்றை எடுத்துவந்து, அத்தனையையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

குட்டி போடும் காலம் தொடங்கவில்லை, அதனால் அவருடைய கொட்டகை காலியாக இருந்தது. தாள் தாளாகப் பிரித்து, வைக்கோல் கட்டும் நீலக் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து, துணிக் கிளிப்பு போட்டுத் தொங்கவிட்டிருந்தார். பிறந்த குட்டிகளுக்குச் சூடு காட்டும் சிவப்பு விளக்குகளைத் தாள்கள் காய்வதற்காகச் சற்றுத் தள்ளி எரியவிட்டிருந்தார். பால்பாயின்ட் பேனாவில் எழுதியவை தப்பின, மைப்பேனாவில் எழுதியவை கரைந்துவிட்டன. திரும்ப என் கைக்கு வந்தபோது தாள்கள் அப்பளம் மாதிரி மொடமொடவென்று இருந்தன. ஆட்டுக் கம்பளி வாடை இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

இதோடு நின்றிருந்தாலே காலத்துக்கும் மறந்திருக்க மாட்டேன். ஆனால் ஓரங்களில் பென்சில் எழுத்து இருந்தது.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. நான் என்ன எழுதியிருந்தேன் என்று தெரியாததால், ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் தனக்குத் தெரிந்ததைத் தானே எழுதிவிட்டார். 'மிஸ்டல்' என்ற இடத்தில், தங்கள் மாட்டுத் தொழுவத்தில் எந்தப் பசு எந்தக் கட்டுத்தறியில் நின்றது என்று பெயர்களோடு. மலைக்கு அந்தப் பக்கம் லங்காஷயரில் அதே தொழுவம் 'ஷிப்பன்' ஆகிவிடுகிறது. பழைய ஆங்கிலத்திலிருந்து வந்த சொல் அது, கடையைக் குறிக்கும் 'ஷாப்' அதற்கு உறவு. 'லெய்த்' என்ற களஞ்சியம் வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. ஒரே கூரையின் கீழ் மனிதர்கள் ஒரு பாதி, மாடும் வைக்கோலும் மறுபாதி என்று இங்கே மேடெங்கும் நிற்கும் லெய்த் வீடுகளில் ஒன்றில்தான் அவர் பிறந்திருக்கிறார். அதையும் எழுதியிருந்தார். அகழெலிக்கு 'மௌடிவார்ப்', அதாவது மண்ணை எறிவது. அதன் பக்கத்தில், பிடித்த எலிகளை அவருடைய அப்பா வேலிக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டதைப் பற்றி இரண்டு வரி.

'ரிக்வெல்ட்டட்' என்ற சொல்லுக்கு ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். நார்ஸில் முதுகு, உருள்வது என்ற இரண்டும் சேர்ந்த சொல். கம்பளி கனத்த ஆடு, அதுவும் சினையாடு, சில சமயம் மல்லாந்துவிடும். தானாக எழ முடியாது. வயிற்றில் வாயு ஏறி, ஆள் பார்க்காவிட்டால் சில மணி நேரத்தில் செத்தும் போகும். இதுவரை எனக்கும் தெரியும். அவர் எழுதியது அதற்கு அடுத்தது: நிமிர்த்தியதும் கையை எடுத்துவிடாதே. கால் மரத்திருக்கும், திரும்பச் சாயும். இரண்டு முழங்காலுக்கும் நடுவே அணைத்துப் பிடித்துக்கொண்டு நில். அதற்கே நடக்கத் தோன்றும்போது விடு.

இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு நெடுநேரம் அழுதேன். தாள்கள் காயக் காய, கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் அவரே இறங்கி வந்து கொடுத்துவிட்டு, இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனதும் அப்போது நினைவுக்கு வந்தது.

அகராதிகள் போனால் திரும்ப வாங்கலாம். பிராட்ஃபோர்டுக்குப் பக்கத்துத் தாக்லியில் 1855இல் பிறந்து, சின்ன வயதிலேயே ஆலை வேலைக்குப் போய், பதினைந்து வயது வரை எழுத்தறியாமல் இருந்த ஜோசஃப் ரைட் 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட வட்டார வழக்கு அகராதி எங்கேயும் போய்விடாது. லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 1950இலிருந்து 1961 வரை 313 ஊர்களுக்குப் போய், பெரும்பாலும் வயதான பண்ணையாட்களையே உட்கார வைத்துக் கேட்டு எழுதிய பதில்களும் பத்திரமாக இருக்கின்றன. அந்த உழைப்பு இல்லாவிட்டால் எனக்கு இந்தச் சொற்களின் வாசலே தெரிந்திருக்காது. ஆனால் ஆட்டை நிமிர்த்திய பிறகு எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது மேட்டில் இருக்கிற ஒரு மனிதரிடம் இருந்தது. என் நோட்டு நனையாமல் இருந்திருந்தால் நான் அதைக் கேட்டிருப்பேனா என்று தெரியவில்லை.

சரி, இனி என்ன செய்யப் போகிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கரைந்துபோன பக்கங்களை அகராதியைப் பார்த்து நிரப்ப மாட்டேன், அவரிடமும் அவர் வயதுக்காரர்களிடமும் கேட்டே நிரப்புவேன். அவருடைய பென்சில் வரிகள் அவர் எழுதிய எழுத்திலேயே இருக்கும், தமிழ் அதன் கீழே வரும். ஏப்ரலில் குட்டி போடும் காலத்தில் இராத்திரி முறைக்கு ஆள் போதவில்லை என்றார். நானும் கணவரும் வருகிறோம் என்று சொல்லியிருக்கிறோம். ஒலிப்பதிவுக் கருவியையும் கொண்டுவரலாமா என்று கேட்டேன், சம்மதித்துவிட்டார். உங்களில் வர முடிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள், அவருக்கு இன்னும் இரண்டு பேர் தேவைப்படும்.

நன்றியுடன்,
கீழ்த்தெருவிலிருந்து உங்கள் தோழி