தம்பிக்கு, நீ அனுப்பிய தாளைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

நீ போட்டோ எடுத்து அனுப்பிய தாளை மூன்று நாளாகத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் ஸ்கேல் வைத்து இழுத்த கோடு. இடப்பக்கம் ‘தேவை’, வலப்பக்கம் ‘ஆசை’. கீழே ஒரு வரி: ‘அக்கா, எது பக்கம் மாறி இருக்கிறது என்று மட்டும் சொல்.’ மட்டுமாம்! ஒரு வரியில் சொல்லக்கூடியதாக இருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பேன். நாலு முறை டைப் செய்து அழித்த பிறகுதான் கடிதமாக எழுத உட்கார்ந்தேன். வேறு யார் படித்தாலும் பரவாயில்லை என்று நீ சொன்னதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கண்ணில் பட்டது உன் போன். வாடகை, மருந்து, பஸ் செலவு என்று இறங்கி வரும் இடப்பக்கத்தில் ஆறாவது வரி ‘புது போன்’. அதற்கு மட்டும் அடைப்புக்குறி போட்டு ‘வேலைக்கு’ என்று எழுதியிருக்கிறாய். வாடகைக்குப் பக்கத்தில் ‘தங்குவதற்கு’ என்று எழுத உனக்குத் தோன்றவில்லை பார். கூடவே ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு வருவது பெரும்பாலும் ஆசையாகத்தான் இருக்கும். இது சட்டம் ஒன்றும் இல்லை. என் பட்டியல்களிலும் இப்படி வக்கீல் வைத்த வரிகள் ஏராளம், அதனால் பார்த்ததும் அடையாளம் தெரிகிறது.

அப்புறம் வலப்பக்கம். ‘படம் வரைவது’, ‘நண்பர்களைப் பார்ப்பது’, ‘ஒரு நாள் சும்மா இருப்பது’. மூன்றும் ஆசையாம். தூக்கத்தை இரண்டு பக்கத்திலும் காணோம். பில் வருவதெல்லாம் தேவை, பில் வராததெல்லாம் ஆசை என்று பிரித்தாயோ என்னவோ.

இடப்பக்கத்தின் கடைசி வரியைப் பேனாவால் அழுத்தி அடித்திருக்கிறாய். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நாம் குழம்புவதற்கு மொழியும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். ‘தண்ணீர் வேண்டும்’ என்கிறோம், ‘புது போன் வேண்டும்’ என்கிறோம். தொண்டை வறண்டவனுக்கும் கடைக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பவனுக்கும் ஒரே சொல்தான். ‘நீ என்னோடு பேச வேண்டும்’ என்னும்போது அதே சொல் கட்டளையாகவும் ஆகிவிடுகிறது. கேட்பவருக்கு எது என்று தெரிவதில்லை. பல நேரம் சொல்பவருக்கே தெரிவதில்லை.

சிலி நாட்டில் மன்ஃப்ரெட் மாக்ஸ் நீஃப் என்று ஒரு பொருளியலாளர் இருந்தார். 1986இல் அவரும் கூட வேலை செய்தவர்களும் சேர்ந்து, மனிதனின் அடிப்படைத் தேவைகள் ஒன்பது என்று ஒரு கணக்குக் கொடுத்தார்கள். உயிர் வாழ்தல், பாதுகாப்பு, அன்பு, புரிந்துகொள்ளுதல், பங்கெடுத்தல், ஓய்வு, படைத்தல், அடையாளம், சுதந்திரம். ஒன்பதுதானா, பத்தா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து அவர் சொன்னது: இந்தத் தேவைகள் எங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான், காலத்துக்குக் காலம், ஊருக்கு ஊர் மாறுவதெல்லாம் அவற்றை நிறைவேற்றிக்கொள்ளும் வழிகள். அவர் கணக்குப்படி சாப்பாடும் வீடும்கூடத் தேவை இல்லை. உயிர் வாழ்தல் என்ற தேவைக்கான வழிகள்.

இப்போது உன் தாளை எடுத்துப் பார். நீ ஆசை என்று ஒதுக்கிய மூன்றும் அந்த ஒன்பதில் நேராகவே வருகின்றன. வரைவது படைத்தல். நண்பர்கள், அன்பும் பங்கெடுத்தலும். சும்மா இருப்பது என்று வெட்கப்பட்டு எழுதினாயே, அதை அவர் சுதந்திரத்துக்குச் சமமாக உட்கார வைத்திருக்கிறார். 1948இல் ஐ.நா. வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்திலும் ஓய்வுக்கென்றே ஒரு பிரிவு உண்டு, 24வது. நீ இடப்பக்கத்தில் எழுதியவையோ, வாடகை உட்பட, எல்லாமே வழிகள்.

‘முதலில் வயிறு, மற்றதெல்லாம் அப்புறம்’ என்பாய். ஏதாவது பயிற்சி வகுப்பில், அடியில் வயிறு, அதற்கு மேல் மற்றவை என்று தேவைகளை வரிசையாக அடுக்கிய அந்த முக்கோணப் படத்தைக் காட்டியிருப்பார்கள். அந்த வரிசையைச் சொன்ன அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ 1943இல் எழுதிய கட்டுரையில் முக்கோணமே கிடையாது, அது பிற்பாடு யாரோ வரைந்தது. ‘நான் சொன்ன வரிசை அவ்வளவு இறுக்கமானதில்லை’ என்று அவரே அதே கட்டுரையில் எழுதியிருக்கிறார். படம் பிரபலமாகிவிட்டது, அந்த வரி ஆகவில்லை.

சரி, போன். அது ஒரு வழி என்றால் எந்தத் தேவைக்கு? கூப்பிட்டால் கிடைப்பதற்கு என்றால் இப்போதிருப்பதே போதும், விரிசல் விட்ட கண்ணாடியோடு நன்றாகத்தான் பேசுகிறாய். ஆனால் போன மாதம் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. மீட்டிங்கில் எல்லோரும் போனை மேஜைமேல் வைத்தபோது நீ மட்டும் உன்னுடையதைக் கவிழ்த்து வைத்தாயே. அதைச் சாதாரணமாக நினைக்க என்னால் முடியவில்லை. 1776இல் ஆடம் ஸ்மித் என்ற பொருளியலாளர் லினன் துணியில் தைத்த சட்டை பற்றி எழுதினார். கிரேக்கர்களும் ரோமானியர்களும் லினன் இல்லாமலே சௌகரியமாக வாழ்ந்தார்கள், ஆனால் தன் காலத்தில் ஒரு கூலித் தொழிலாளிகூட லினன் சட்டை இல்லாமல் வெளியே வர வெட்கப்படுவான், ஆகவே அதுவும் அவசியப் பொருள்தான் என்றார். நாலு பேர் முன்னால் கூசாமல் நிற்பதும் தேவைதான் தம்பி. அதற்குப் போன்தான் வழியா, அந்த நாலு பேர் முன்னால்தான் நிற்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதை நீதான் சொல்ல வேண்டும்.

நான் எழுதும் மேஜை வாங்கிய கதை உனக்குப் பாதிதான் தெரியும். ‘எழுத எனக்கு ஓர் இடம் தேவை’ என்று ஒரு வருஷம் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். வாங்கினேன். வந்த அன்று அதன் மேல்பரப்பைத் துணியால் துடைத்துக்கொண்டே ஒரு மணி நேரம் நின்றேன், அவ்வளவு சந்தோஷம். மறுவாரம் பழைய நாற்காலி அதன் முன்னால் அசிங்கமாகத் தெரிந்தது, மாற்றினேன். பிறகு விளக்கு. பிறகு சுவரில் ஒரு அலமாரி. எழுத்து மட்டும் வரவில்லை. எனக்குத் தேவைப்பட்டது இடமே இல்லை, யாரும் கூப்பிடாத ஒரு மணி நேரம். அதைக் கேட்க எனக்குக் கூச்சம். மேஜை கேட்பது சுலபமாக இருந்தது. இப்போது அந்த மேஜைமேல் துவைத்த துணி மடிப்பதற்காகக் காத்திருக்கிறது, இந்தக் கடிதத்தைக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதில் நான் முதல் ஆளும் இல்லை. திதரோ என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1769இலேயே இப்படிப் புலம்பியிருக்கிறார். யாரோ அவருக்குப் புது வீட்டு அங்கி ஒன்று பரிசாகக் கொடுத்தார்கள். அதன் பளபளப்புக்கு முன்னால் வீட்டுச் சாமான்களெல்லாம் மங்கலாகத் தெரிய, நாற்காலி உட்பட ஒவ்வொன்றாக மாற்றி, கடைசியில் ‘பழைய அங்கிக்கு நான் எஜமானாக இருந்தேன், புதியதற்கு அடிமை ஆகிவிட்டேன்’ என்று எழுதினார்.

துடைத்துக்கொண்டு நின்ற அந்த ஒரு மணி நேரம் எங்கே போனது என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். மூளையைப் பற்றிப் படித்தபோதுதான் கொஞ்சம் விளங்கியது. கென்ட் பெரிட்ஜ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1980களின் இறுதியில் எலிகளின் மூளையிலிருந்து டோபமைன் என்ற வேதிப்பொருளை ஏறக்குறைய முழுதாக நீக்கிப் பார்த்தார்கள். அந்த எலிகள் முன்னால் இருக்கும் உணவைத் தேடிப் போகவே இல்லை. ஆனால் இனிப்பை நாக்கில் விட்டால் மற்ற எலிகள்போலவே ருசித்து முகம் காட்டின. வேண்டும் என்று துரத்துவதும் கிடைத்ததை ரசிப்பதும் தனித்தனி ஏற்பாடுகள். துரத்துகிற வேகத்தை வைத்து, கிடைத்தால் எவ்வளவு நிறைவாக இருக்கும் என்று நாம் கணக்குப் போடுகிறோம். கணக்கு தப்பாகிறது.

அதனால் நான் இப்போது பார்ப்பது ஒன்றுதான். இது கிடைத்தால் ‘போதும்’ என்ற சொல் வாயில் வருமா? தண்ணீர் குடிப்பவன் ஒரு கட்டத்தில் டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறான். நன்றாகத் தூங்கி எழுந்தவன் இன்னொரு இரவு கேட்பதில்லை. எனக்கோ மேஜை வந்ததும் நாற்காலி.

ஆனால் இதை வைத்து அடுத்தவரை அளக்கப் போகாதே. ‘போதும் என்ற மனமே பொன் செய்யும் மருந்து’ என்பதை நான் பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்கள் வாயிலிருந்துதான் கேட்டிருக்கிறேன், அதுவும் நிறையாதவர்களைப் பார்த்து. உண்மையில் தேவை நிறைவேறாதபோது மனிதன் என்ன ஆகிறான் என்பதற்கு ஒரு பயங்கரமான சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில், 1944, 45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போருக்குப் போக மறுத்தவர்கள், தாமாக முன்வந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்கு அரைவயிற்றுச் சாப்பாடுதான். எடை குறைந்ததை விடு, பேச்சே மாறிப்போனது. படிப்பிலும் பெண்களிலும் உலக நடப்பிலும் அக்கறை போய்விட்டது. சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள் சிலர். ஆசை நிறைவேறாதவனும் வருத்தப்படுவான், அழுவான், ஆனால் ஆள் அதே ஆளாக மிஞ்சுவான். இவர்கள் ஆளே சுருங்கிப்போனார்கள்.

உன்னைப் பற்றி எனக்குக் கவலை அங்கேதான். இரண்டு மாதமாக நீ இரவு இரண்டு மணிக்கு மெசேஜ் போடுகிறாய். எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறாய். கடைசியாக எதையாவது வரைந்து எனக்கு அனுப்பி எவ்வளவு நாள் ஆகிறது? சுவரை வைத்துத்தான் சித்திரம் என்பார்கள், உன் விஷயத்தில் சுவர், சித்திரம் இரண்டையும் சேர்த்து வலப்பக்கம் தள்ளிவிட்டாய். ஆசை என்று பெயர் வைத்துவிட்டால் அதை யாரிடமும் கேட்க முடியாது பார், உன்னிடமேகூட. ‘இதெல்லாம் இப்போது ஒரு கேடா’ என்று வாயை அடைத்துவிடலாம்.

இனி அந்த அடித்த வரி.

அதைப் படிக்க முயலவில்லை என்று சொன்னால் பொய். ஸ்கிரீனைப் பெரிதாக்கிப் பார்த்தேன், முதல் எழுத்து தெரிந்தது, அதற்கு மேல் தேவைப்படவில்லை. அவள் பெயர். தேவை என்ற பக்கத்தில் எழுதிவிட்டு, பிறகு அடித்திருக்கிறாய். வலப்பக்கத்துக்கு மாற்றவும் மனம் வரவில்லை.

உனக்கு அன்பு தேவை. இதில் பேரம் இல்லை, அதற்காக நீ யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அன்பு அவளிடமிருந்துதான், பழைய மாதிரிதான், இந்த மாதத்துக்குள்தான் வர வேண்டும் என்பது உன் ஆசை. ரொம்ப நியாயமான, ரொம்ப வலிக்கிற ஆசை. இரண்டையும் ஒட்டி ‘நீதான் என் தேவை’ என்று சொல்லும்போது கேட்க அழகாக இருக்கும். அவள் இடத்தில் நின்று கேட்டுப் பார். ஆசைக்கு ‘முடியாது’ என்று பதில் சொல்லலாம், சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். தேவைக்கு அப்படிச் சொன்னால் தண்ணீர் கேட்டவனைத் துரத்திவிட்ட பாவம் வந்து சேரும். அவளிடமிருந்து ‘முடியாது’ என்ற சொல்லை நீ பிடுங்கிக்கொள்கிறாய். போன வாரம் அவளுக்கு அனுப்பியதாக எனக்குப் படித்துக் காட்டினாயே, அந்த நீளமான மெசேஜ், அதில் ஐந்து இடத்தில் ‘நீ இல்லாமல் முடியாது’ வந்தது. நான் அன்று ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

சின்ன வயதில் விளக்குக்குச் சண்டை போட்டது ஞாபகம் இருக்கிறதா? ஒரே அறை. எனக்குப் படிக்க வெளிச்சம், உனக்குத் தூங்க இருட்டு. ‘எனக்கு விளக்கு எரிய வேண்டும்’, ‘எனக்கு அணைய வேண்டும்’ என்று வாரக்கணக்கில் சுவிட்சை மாற்றி மாற்றித் தட்டினோம். கடைசியில் பழைய துணி ஒன்றை இரண்டாக மடித்து உன் கண்ணைச் சுற்றிக் கட்டிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் தூங்கிவிட்டாய். இருட்டு உன் கண்ணுக்கு வந்தால் போதுமாக இருந்தது, அறைக்கு வர வேண்டியிருக்கவில்லை. அவள் விஷயம் அப்படி ஒரு துணியில் தீராது, தெரியும். ஆனால் சனிக்கிழமை அந்த நண்பர்கள் உன்னைக் கூப்பிட்டார்கள், நீ போகவில்லை என்றும் தெரியும்.

உன் போட்டோவைப் பிரிண்ட் எடுத்து, திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மேலே, நடுக்கோட்டின் மேலேயே, பென்சிலால் ‘தூக்கம்’ என்று எழுதியிருக்கிறேன். வரைவதையும் நண்பர்களையும் சும்மா இருப்பதையும் அம்புக்குறி போட்டு இடப்பக்கம் கொண்டுவந்துவிட்டேன். அடித்த வரியைத் தொடவில்லை. போன் வரியில் அந்த அடைப்புக்குறியை மட்டும் அழித்திருக்கிறேன். வாங்குவதென்றால் வாங்கிக்கொள், கலர் என்ன என்று எனக்குச் சொல். இரவு பத்து மணிக்கு முன்னால் கூப்பிட்டுச் சொல்.

உன்
அக்கா