என்ன வாக்கெடுப்பு என்று எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பிய பாராளுமன்றத்தில் இலங்கை பற்றி ஏதாவது பேசினால் எங்கள் தமிழ்ப் பத்திரிகைகள் எல்லாம் அதை முதல் பக்கத்தில் போடுகின்றன, உங்கள் பத்திரிகையும்தான். நல்ல விஷயம். ஆனால் அங்கே நடந்தது என்ன வகை வாக்கெடுப்பு, அதனால் சட்டப்படி என்ன மாறும் என்பதை அநேகமாக யாரும் எழுதுவதில்லை. அதைத்தான் கேட்க வந்தேன்.

2021 ஜூன் 10ஆம் திகதி நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்க வேண்டும், எங்கள் பொருட்கள் ஐரோப்பாவுக்குள் போகும்போது இறக்குமதி வரியைக் குறைக்கும் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையைத் தற்காலிகமாக நிறுத்துவது பற்றி ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாகப் பிரிவான ஐரோப்பிய ஆணைக்குழு ஆராய வேண்டும் என்று அந்தச் சபை ஒரு பிரேரணை நிறைவேற்றியது. ஆதரவு 628, எதிர்ப்பு 15, நடுநிலை 40. இவ்வளவு பெரிய எண்ணிக்கையைப் பார்க்கிற எவருக்கும் சலுகை போய்விட்டது என்றுதான் தோன்றும். போகவில்லை. அரசியல் அழுத்தம் வந்தது, அது பெரிய விஷயம்தான், ஆனால் அந்தப் பிரேரணை ஆணைக்குழுவை எதற்கும் சட்டப்படி கட்டுப்படுத்தவில்லை.

அதற்கு நாலு வருடம் முன்னால் நடந்தது வேறு கதை. 2010இல் நிறுத்தப்பட்ட சலுகையைத் திருப்பிக் கொடுக்க 2017 ஜனவரியில் ஆணைக்குழு ஓர் ஆணை வரைந்தது. இந்த மாதிரி ஆணை பாராளுமன்றத்துக்கும் உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் பேரவைக்கும் போகும், குறித்த காலத்துக்குள் இரண்டில் ஒன்று மறுத்தாலும் அந்த ஆணை செத்தது. ஆனால் பாராளுமன்றம் மறுக்க வேண்டுமென்றால் அன்றைக்கு வந்தவர்களில் பெரும்பான்மை போதாது, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல் வேண்டும், அதாவது அப்போதைய 751 பேரில் 376. ஏப்ரல் மாதம் மறுப்புப் பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது, மே 19ஆம் திகதி சலுகை திரும்பி வந்தது. ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளின் சம்பளம் உண்மையாகவே தொங்கிய வாக்கெடுப்பு அதுதான், 628 பேர் கை தூக்கிய மற்றது அல்ல. இரண்டையும் ஒரே மாதிரி எழுதினால் வாசகர் எதை நம்புவது?

இந்தச் சபை இன்னொரு வகையிலும் எங்கள் பாராளுமன்றத்திலிருந்து வேறுபட்டது. 27 நாடுகளிலிருந்து 720 பேர், 24 மொழிகள். ஆனால் சட்டமூலத்தைத் தாங்களே கொண்டுவர முடியாது, அதை முன்வைக்கும் உரிமை ஏறக்குறைய முழுவதும் ஆணைக்குழுவிடம். பாராளுமன்றம் கேட்கலாம், ஆணைக்குழு மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சரி, அப்படியானால் பலம் எங்கே? தங்கள் நிலையியற் கட்டளைகளைத் தாங்களே எழுதிக்கொள்ளும் உரிமையில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் இயக்கம் பற்றிய உடன்படிக்கையின் 232ஆம் உறுப்புரை அதை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறது. மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், இன்றைக்கு 361 பேர், சேர்ந்தால் விதியை மாற்றலாம், எந்த அரசாங்கத்தையும் கேட்கத் தேவையில்லை.

இதை அவர்கள் எப்படிப் பாவித்தார்கள் என்று பார்க்க 1979க்குப் போக வேண்டும். அந்த ஜூன் மாதம்தான் மக்கள் முதல் தடவையாக நேரடியாக வாக்களித்து அந்தச் சபையைத் தெரிந்தெடுத்தார்கள். அப்போது சட்டம் இயற்றுவதில் பாராளுமன்றத்துக்கு இருந்தது ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும். மாச்சத்திலிருந்து எடுக்கும் ஐசோகுளுக்கோஸ் என்ற இனிப்புக்கு உற்பத்தி அளவு விதிக்கும் சட்டத்தை, பாராளுமன்றத்தின் கருத்து வருவதற்கு முன்பே அமைச்சர்கள் பேரவை நிறைவேற்றிவிட்டது. ஒரு பிரெஞ்சுக் கம்பனி வழக்குப் போட்டது, 1980 ஒக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்தச் சட்டத்தை இரத்துச் செய்தது. கருத்துக் கேட்டுவிட்டு அது வருவதற்குள் முடிவெடுத்தால் அது கேட்டதாகாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அப்புறம் பாராளுமன்றம் செய்தது அருமையான வேலை. 1981இல் தன் விதிகளைத் திருத்தி, திருத்தங்களை ஏற்பதா இல்லையா என்று ஆணைக்குழு சொல்லும்வரை தன் இறுதி வாக்கெடுப்பைத் தள்ளிவைக்கலாம் என்று எழுதிக்கொண்டது. கருத்து வராமல் சட்டம் இல்லை, கருத்தை எப்போது கொடுப்பது என்பது தங்கள் கையில்! உடன்படிக்கையில் ஓர் எழுத்து மாறாமல், பேரம் பேசும் பலம் வந்துவிட்டது. எனக்கு இதில் பெரிய மரியாதை உண்டு.

இன்றைக்குப் பெரும்பாலான சட்டங்களுக்கு அவர்கள் பேரவையோடு சம பங்காளி. ஒரு சட்டமூலத்துக்கு மூன்று வாசிப்பு வரை போகலாம் என்று உடன்படிக்கை சொல்கிறது, ஆனால் பெரும்பாலானவை முதலாம் வாசிப்பிலேயே முடிந்துவிடுகின்றன. காரணம் பாராளுமன்றம், பேரவை, ஆணைக்குழு மூன்றும் மூடிய அறையில் நடத்தும் முத்தரப்புப் பேச்சு. அங்கே மேசையில் இருப்பது பக்கத்தில் பக்கமாக நாலு நிரல் கொண்ட ஒரு ஆவணம். முதல் மூன்றில் ஒவ்வொருவரும் கேட்பது, நாலாவதில் இணக்கம் கண்ட வாசகம். அந்த நாலாவது நிரலில்தான் சட்டம் பிறக்கிறது, மக்களோ அதைப் பார்க்க முடியாமல் இருந்தார்கள். பாராளுமன்றத்தின் முன்னாள் அதிகாரி எமிலியோ தே கப்பித்தானி அதைக் கேட்டு வழக்காடினார், பொத்தாம் பொதுவான காரணம் சொல்லி அதை மறைக்க முடியாது என்று 2018 மார்ச்சில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்கள் தெரிந்தெடுத்த சபை தன் மக்களிடமே இதை மறைக்க நீதிமன்றம் வரை போனது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

எங்களுக்கு இதில் என்ன என்று யாரும் கேட்கக்கூடாது. ஜி.எஸ்.பி. பிளஸ் அடங்கிய ஜி.எஸ்.பி. திட்டத்துக்கான புதிய வரைவை ஆணைக்குழு 2021 செப்டெம்பரில் முன்வைத்தது. அது இப்படியான முத்தரப்புப் பேச்சில்தான் சிக்கியது, அரிசி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, குடியேறிகளைத் திருப்பி ஏற்பதை வரிச்சலுகையோடு கட்டுவது என்ற இரண்டிலும் இழுபட்டு, 2023இல் பழைய விதிகளையே 2027 முடிவு வரை நீட்ட வேண்டி வந்தது. இலங்கையிலிருந்து அங்கே போகும் ஒவ்வொரு சட்டைக்கும் இதில் பங்கு உண்டு. அப்படியிருந்தும் ஒவ்வொரு பிரேரணைக்கும் பெரிய எழுத்துத் தலைப்புப் போட்ட பத்திரிகைகளில் இது பற்றி ஒரு முழுச் செய்தியையும் நான் காணவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். ஐரோப்பிய பாராளுமன்றச் செய்தி போடும்போது அது கருத்துத் தெரிவிக்கும் பிரேரணையா, ஆணைக்கு மறுப்பா, சட்டமூலத்தின் எத்தனையாம் வாசிப்பா, அடுத்து யாரிடம் போகிறது என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். எந்தக் குழுவிடம் இருக்கிறது, அதைக் குழுவில் பொறுப்பெடுத்து நடத்தும் உறுப்பினரான அறிக்கையாளர் யார் என்பதையும் சொல்லுங்கள். பிரான்ஸ், ஜேர்மனி, டென்மார்க், நெதர்லாந்தில் இருக்கும் எங்கள் ஆட்களில் பலர் இப்போது அந்தச் சபைக்கு வாக்களிக்கும் பிரஜைகள். அவர்கள் தங்கள் உறுப்பினருக்குக் கடிதம் எழுதலாம், பாராளுமன்றத்துக்கு மனுவும் கொடுக்கலாம். பிரேரணை நிறைவேறிய பிறகு நன்றி சொல்லி எழுதுவதைவிட, சட்டமூலம் குழுவில் இருக்கும்போது எழுதினால்தான் பலன், அதற்கு அது எப்போது குழுவில் இருக்கிறது என்று அவர்களுக்கு யாராவது தமிழில் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
யாழ்ப்பாணம்