2024/2025 செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வருகை தந்த அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

தைப்பொங்கல் விழா, வாசிகசாலைச் சிரமதானம், சாதாரண தரப் பரீட்சை எழுதும் மாணவர்களுக்கான கணினி வகுப்பு ஆகியன வழமைபோல் நடந்தன.

மன்றக் கணினியில் ‘நோ மேன்ஸ் ஸ்கை’ என்ற கணினி விளையாட்டில் நடந்த விண்வெளித் தேடலைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. "விளையாட்டுக்கா சந்தா?" என்று தோட்டத்தில் லயத்துக்கு லயம் பேசப்பட்டது. ‘நோ மேன்ஸ் ஸ்கை’ 2016இல் வெளிவந்தது. அதிலுள்ள கோள்களை எண்ண, 18 எழுதி 18 பூச்சியம் போட்டாலும் போதாது. 2025 ஜனவரியில்தான் ஊதா விண்மீன்களும், கிலோமீற்றர் கணக்கில் ஆழமுள்ள கடல்கள் சூழ்ந்த கோள்களும் அதில் சேர்ந்தன. சாதாரண இயந்திரம் பூட்டிய கப்பல் ஊதா விண்மீனை எட்டாது; நீண்ட பணித்தொடர் ஒன்றை முடித்தாக வேண்டும். மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்த மழைக்கால இரவுகளில் நம் பிள்ளைகள் அதை முடித்தார்கள்.

இறங்கிய கோளில் கண்ணுக்கெட்டிய தூரம் கரையே இல்லை. மூழ்க மூழ்க நீலம் கறுத்தது. அடியில் பவளங்கள் தாமாகவே ஒளிர்ந்தன. கடலை நேரில் கண்டிராத பிள்ளைகள் நாற்காலியை விட்டு எழுந்து நின்று பார்த்தார்கள்.

முதலில் கண்டவருக்கே பெயர் சூட்டும் உரிமை. ‘ஆதிலட்சுமி’ என்று நான் முன்மொழிந்தேன். 1864இல் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வேலைக்கு வந்த நம் முன்னோரை ஏற்றி வந்து மூழ்கிய கப்பலின் பெயர் அது. 120 பேர் மாண்டார்கள். துயரப் பெயர் வேண்டாம் என்று ஒருவர் மறுத்தார். மாண்டவர்களுக்கு நாம் வேறெங்கே பெயர்ப்பலகை வைத்தோம் என்று கேட்டேன். நிர்வாக சபை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன் கூட்டிய கூட்டங்கள் ஆள் சேராமலே கலைந்தன என்பதையும் பதிவு செய்கிறேன்.

இதை வீண்வேலை என்பவர்களுக்கு ஒன்று: வியாழனின் யூரோப்பா நிலவில் பனிக்கு அடியில் கடல் இருப்பதற்கான சான்றுகளை நம்பித்தான் நாசா 2024 ஒக்டோபர் 14 அன்று கிளிப்பர் விண்கலத்தை அனுப்பியது.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பெரும்பகுதி இணையக் கட்டணத்துக்கும் மின்சாரத்துக்கும் போனது. சந்தா செலுத்தியவர்களைவிடச் செலுத்தாதவர்களே அதிகம். ‘ஆதிலட்சுமி’யின் படங்களைக் கேட்டு வாங்கி வெளியூர் உறவினர்களுக்கு அனுப்பி மகிழ்ந்தவர்களில் பலர் அந்தப் பட்டியலில் இருப்பது எனக்கு மிகுந்த வேதனை.

மண்டபம் தந்த கோவில் பரிபாலன சபைக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், வகுப்பெடுத்த ஆசிரியருக்கும் நன்றி.

நம் கணினி ஆழ்கடலில் திணறுகிறது. அதன் நினைவகத்தைக் கூட்டாமல் அடுத்த கோளைத் தேட முடியாது. கொழும்பில் வேலை செய்யும் அங்கத்தவர்களுக்கு இதை அறியத் தருகிறேன். செயலாளர் பதவியை மீண்டும் ஏற்கும்படி சிலர் கேட்டிருக்கிறார்கள். நிலுவைச் சந்தா வந்து சேர்வதைப் பார்த்துப் பதில் சொல்கிறேன்.

செயலாளர்