ஷ்மிட் சொல்லும் 73 விழுக்காடு

ஆசிரியருக்கு வணக்கம்.

ஓய்வுபெற்றவர்களின் வாழ்க்கையைச் சொல்லும் படங்கள் என்ற வரிசையில் உங்கள் ஞாயிறு இணைப்பு 'அபவுட் ஷ்மிட்' படத்தை எடுத்துக்கொண்டது நல்ல தேர்வு. 2002-இல் அலெக்ஸாண்டர் பெய்ன் இயக்கி, ஜாக் நிக்கல்சன் நடித்த இந்தப் படத்தைப் பற்றித் தமிழில் அதிகம் பேசப்பட்டதில்லை. ஆனால் கட்டுரையின் நடுவே கட்டம் கட்டி, 'மனைவியை இழந்த ஆண் 9 ஆண்டுகளுக்குள் இறந்துபோக 73 விழுக்காடு வாய்ப்பு' என்று அச்சிட்டிருக்கிறீர்கள். இது யாரும் ஆய்வு செய்து கண்ட புள்ளிவிவரம் இல்லை. படத்தில் வரும் வசனம். அதைச் சொல்கிற ஷ்மிட் என்ற பாத்திரம் கணக்கில் தேர்ந்தவர் என்பதால் கட்டுரையாளர் அப்படியே நம்பிவிட்டார் போலிருக்கிறது. உங்கள் வாசகர்களில் மனைவியை இழந்த பெரியவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். காலைக் காப்பியோடு இந்தக் கட்டத்தைப் படித்தவர்களுக்காகவாவது கணக்கைச் சரியாகப் போட்டுக் காட்ட வேண்டும். ஆயுள் காப்பீட்டில் கணிப்பு வேலை செய்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சிறு திருத்தம். வாரன் ஷ்மிட்டைக் கட்டுரை 'காப்பீட்டு ஏஜென்ட்' என்கிறது. அவர் ஏஜென்ட் இல்லை, ஆக்சுவரி. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில், 'உட்மென் ஆஃப் தி வேர்ல்டு' என்ற காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்து ஓய்வுபெறுகிறவர். ஏஜென்ட் வீடு வீடாகப் போய் மனிதர்களைப் பார்ப்பார். ஆக்சுவரி பாலிசிதாரர் ஒருவரையும் பார்க்க வேண்டியதில்லை. எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள், அதற்குப் பிரீமியம் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று அட்டவணையோடு மட்டுமே உறவு வைத்துக்கொள்ளும் வேலை அது. முகம் தெரியாதவர்களின் ஆயுளை எண்ணியே காலம் கழித்தவர் என்பது தெரியாவிட்டால் படத்தில் பாதி பிடிபடாது.

இப்போது கணக்கு. ஆயுள் அட்டவணை என்பது 1,00,000 குழந்தைகள் பிறந்ததாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வயதிலும் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று காட்டும் பட்டியல். ஷ்மிட்டைப் போன்ற 66 வயதுக்காரர் 9 ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு வேண்டுமானால், 75 வயதில் மிஞ்சியிருப்பவர்களின் எண்ணிக்கையை 66 வயதில் மிஞ்சியிருப்பவர்களின் எண்ணிக்கையால் வகுத்து, வரும் விடையை 1-இலிருந்து கழிக்க வேண்டும். அவ்வளவுதான். ஆண்டுவாரியாகவும் போடலாம். படம் வந்த காலத்து அமெரிக்க ஆண்களில் 66 வயதுக்காரர் ஓராண்டுக்குள் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 2 விழுக்காடு. அது ஆண்டுக்கு ஆண்டு கூடி, 74 வயதில் 4 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டும். 100 பேரில் தொடங்கினால் முதல் ஆண்டின் முடிவில் 98 பேர். அந்த 98 பேருக்கு அடுத்த வயதின் விகிதம். இப்படியே ஒன்பது முறை. கடைசியில் ஏறக்குறைய 75 பேர் மிஞ்சுவார்கள். ஆக, 9 ஆண்டுகளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 25 விழுக்காடு. சராசரியாக இன்னும் பதினைந்து பதினாறு ஆண்டுகள் ஆயுள் உண்டு. ஷ்மிட் சொல்வது இதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஒன்பது விகிதங்களைக் கூட்டக் கூடாது, பெருக்க வேண்டும். அதுவும் இறப்பு விகிதத்தை அல்ல, பிழைக்கும் விகிதத்தை. சிறிய எண்களில் கூட்டினாலும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. வயது ஏற ஏற விடை கன்னாபின்னாவென்று போய்விடும்.

73 விழுக்காடு வர வேண்டுமானால் என்ன நடக்க வேண்டும்? 9 ஆண்டுகளின் முடிவில் 100-க்கு 27 பேர்தான் மிஞ்ச வேண்டும். அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 13.5 விழுக்காடு பேர் இறக்க வேண்டும். அது 66 வயது மனிதரின் விகிதமே இல்லை. 82, 83 வயதில் தொடங்குகிறவருக்கு ஒன்பதாண்டுச் சராசரியாகப் பொருந்தும் விகிதம். வேறுவிதமாகச் சொன்னால், ஷ்மிட்டின் இறப்பு வாய்ப்பு அவர் வயது ஆண்களைப்போல் கிட்டத்தட்ட நான்கரை மடங்காக இருக்க வேண்டும். பாலிசி ஏற்புப் பிரிவில் சராசரி மனிதருக்கு 100 மதிப்பெண் என்று வைத்து, நோய்க்கும் பழக்கத்துக்கும் ஏற்ப மேலே கூட்டிக்கொண்டே போவார்கள். 500-ஐ நெருங்கும் விண்ணப்பம் பெரும்பாலும் திரும்பிப் போய்விடும். கடுமையான இதய நோயோ, முற்றிய நீரிழிவோடு சிறுநீரகக் கோளாறோ இருந்தால்தான் அந்த எண்ணிக்கை வரும். படத்தில் ஷ்மிட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. வீடுபோல் தங்கிப் பயணம் செய்யும் 35 அடி நீள வின்னபேகோ வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்.

மனைவி இறந்த துக்கம் கணவரின் ஆயுளைப் பாதிக்காதா என்று கேட்கலாம். பாதிக்கும், அதற்குக் கணக்கும் இருக்கிறது. 1957-இல் மனைவியை இழந்த, 55 வயதும் அதற்கு மேலுமான 4,486 ஆண்களை 9 ஆண்டுகள் பின்தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று 1969-இல் வெளிவந்தது. முதல் ஆறு மாதங்களில் 213 பேர் இறந்திருந்தார்கள். அதே வயதுள்ள, மனைவி உயிரோடு இருக்கும் ஆண்களிடம் எதிர்பார்ப்பதைவிட இது 40 விழுக்காடு அதிகம். கூடுதல் இறப்பில் பெரும்பங்கு இதய நோயால் வந்தது. ஆனால் இந்தப் பாதியை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை. அந்த ஆறு மாதங்களுக்குப் பிறகு விகிதம் படிப்படியாக இறங்கி, மற்ற ஆண்களின் அளவுக்கே வந்து நின்றது.

40 விழுக்காடு என்றதும் பயந்துவிடக் கூடாது. அது எதில் 40 விழுக்காடு என்று பார்க்க வேண்டும். 66 வயதில் ஆறு மாதத்துக்கான இறப்பு வாய்ப்பு சுமார் 1 விழுக்காடு. அதில் 40 விழுக்காடு என்றால் 0.4. அதாவது 1,000 பேரில் கூடுதலாக 4 பேர். ஒன்பது ஆண்டுக் கணக்கில் 25 என்பது 25.5-ஐக்கூட எட்டாது. சரி, துக்கம் தீரவே இல்லை, ஒன்பது ஆண்டும் இறப்பு விகிதம் இரண்டு மடங்காகவே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும் சுமார் 44 விழுக்காட்டைத்தான் எட்டும். 73 எங்கே இருக்கிறது!

'மறுமணம் செய்துகொள்ளாவிட்டால்' என்று வேறு ஒரு நிபந்தனையைச் சேர்க்கிறார் ஷ்மிட். இது எங்கள் தொழிலில் புதிதாக வருபவர்களும் செய்கிற தவறு. மறுமணம் செய்துகொண்ட ஆண்கள் நீண்ட நாள் வாழ்வதாக எண்கள் காட்டுவது உண்மை. ஆனால் அறுபதைத் தாண்டி மறுமணத்துக்குத் துணிகிறவர் பெரும்பாலும் முன்பே உடல்நலமும் கையில் காசும் உள்ளவராக இருப்பார். படுத்த படுக்கையாக இருப்பவர் பெண் பார்க்கக் கிளம்புவதில்லை. அந்தத் தேர்வின் விளைவைக் கல்யாணத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

ஆயுளைக் கணிக்கத் தனக்கு என்னென்ன விவரம் வேண்டும் என்று அவர் அடுக்கும் பட்டியலிலும் ஒரு பெரிய ஓட்டை: புகைப்பழக்கம் இல்லை. அமெரிக்காவில் புகைக்காதவர்களுக்குப் பிரீமியத்தில் சலுகை 1964-லேயே வந்துவிட்டது. ஓய்வுபெறும் ஆக்சுவரி அதை விட்டுவிட மாட்டார். மாறாக, இனத்தைச் சேர்த்துச் சொல்கிறார். இனத்தை வைத்துப் பிரீமியம் போடுவதை அங்குள்ள நிறுவனங்கள் படம் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே கைவிட்டிருந்தன.

அப்படியானால் படம் தப்பா? என் கருத்தில் இல்லை. அந்த எண்ணை யாருக்கு, எப்போது சொல்கிறார் என்று பாருங்கள். தொலைக்காட்சி விளம்பரம் பார்த்து, மாதம் 22 டாலர் கொடுத்துத் தான்சானியாவில் உள்ள என்டுகு என்ற ஆறு வயதுப் பையனை ஆதரிக்கத் தொடங்கியவர், அவனுக்கு எழுதும் கடிதங்களில்தான் மனம் திறக்கிறார். அந்தக் கடிதங்கள் முழுக்க உண்மை இல்லை. மகள், கல்யாணத்துக்கு முன்பே வந்து நிற்க வேண்டாம் என்று தொலைபேசியில் தடுக்கிறாள். கடிதத்தில் தானே யோசித்து முடிவு செய்ததுபோல் எழுதுகிறார். படத்தில் ஒன்றைப் பார்க்கிறோம், அவர் குரலில் வேறொன்றைக் கேட்கிறோம். 73 விழுக்காடும் இந்த வகைதான். 42 ஆண்டுகள் கூட வாழ்ந்த மனைவி ஹெலன், மூளையில் ரத்தம் உறைந்து திடீரென்று இறந்துபோகிறாள். அந்தத் துக்கத்தைச் சொல்ல அவருக்கு வேறு மொழி தெரியாது, எண்ணாகச் சொல்கிறார். இனி ஒரு நிமிடத்தையும் வீணாக்கப் போவதில்லை என்று சூளுரைப்பும் செய்கிறார். அதற்குப் பின் நாம் பார்ப்பது குப்பை சேர்ந்து கிடக்கும் அவர் வீட்டை.

இன்னொன்றையும் கட்டுரை தவறவிட்டது. அட்டவணை ஒரு கூட்டத்தைப் பற்றித்தான் பேசும். இப்படிப்பட்ட 10,000 ஆண்களில் ஒன்பது ஆண்டில் எத்தனை பேருக்குப் பணம் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற கேள்விக்கு அது கிட்டத்தட்டச் சரியாகப் பதில் சொல்லும். நான் எப்போது சாவேன் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது. கணவனும் மனைவியும் ஏறக்குறைய ஒரே வயது என்றால் கணவன் முந்திக்கொள்ளும் வாய்ப்பே அதிகம். இருவர் பேரிலும் ஓய்வூதியம் கணக்கிடுபவர்கள் இதை வைத்துத்தான் தொகையைக் குறைக்கிறார்கள். ஹெலன் முதலில் போனதால் அட்டவணை பொய்த்துவிடவில்லை. ஷ்மிட் அதை வீட்டுக்கு எடுத்து வந்ததுதான் பிசகு. சவப்பெட்டி வாங்கியதிலும் அவர் கணக்குப் பார்த்தது மகளுக்குத் தீராத கோபம்.

படத்தில் அவர் கணக்கே போடாத தொகை ஒன்று உண்டு: அந்த 22 டாலர். ஆண்டுக்கு 264. வாழ்நாள் முழுக்கக் கொடுப்பதாக வைத்து, 5 விழுக்காடு வட்டியில் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், 66 வயது ஆணுக்குப் பெருக்க வேண்டிய எண் ஏறத்தாழ 10. ஆக 2,640 டாலர். அவருக்கு இது மனக்கணக்கு. போட்டுப் பார்க்கவில்லை என்பதுதான் பாத்திரத்தைச் செதுக்கியவர்களின் நுட்பம். அந்தப் பையனுக்கு எழுதப் படிக்கவே தெரியாது என்ற செய்தி கடைசியில்தான் அவருக்கு வருகிறது.

அவர் விட்டுச்சென்ற கோப்புப் பெட்டிகள் கட்டடத்தின் கீழே குப்பையோடு கிடக்கும் காட்சியைக் கட்டுரை 'மிகை' என்கிறது. மிகையே இல்லை. எண்கள் கணினியில் இருக்கும், போகாது. ஓர் ஆண்டில் இறப்பு விகிதத்தை ஏன் கூட்டினோம், ஒரு மாவட்டத்தின் தரவை ஏன் ஒதுக்கினோம் என்ற காரணங்கள்தான் அந்தக் காகிதங்களில் இருக்கும். அவை போனால், அடுத்த மதிப்பீட்டில் கையிருப்பு ஏன் மாறியது, தரவாலா அனுமானத்தாலா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் அவர் இடத்துக்கு வந்த புதியவர் திண்டாடுவார். திண்டாட்டம் வர ஓரிரு ஆண்டு ஆகும் என்பதால், அன்றைக்கு அந்தப் புதியவர் 'எல்லாம் நன்றாகப் போகிறது' என்று சிரித்த முகத்தோடு சொல்வதும் பொருத்தமே.

நம் ஊருக்கான எண் வேண்டுமென்று கேட்கும் வாசகர்களுக்கு: இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் அடிப்படையில் வெளியிடும் ஆயுள் அட்டவணையில் தமிழ்நாட்டுக்குத் தனிப் பக்கங்கள் உண்டு, ஆண், பெண், நகரம், கிராமம் என்று பிரித்தே இருக்கும். அது ஐந்தைந்து வயதாகத் தொகுத்தது. 66-க்கு நேரடியாக எண் கிடைக்காது. 65-இல் மிஞ்சியவர்களுக்கும் 70-இல் மிஞ்சியவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கை 65-இன் எண்ணிலிருந்து கழித்தால் 66-க்கான எண் ஓரளவு கிடைத்துவிடும். உண்மையில் அந்த ஐந்தாண்டில் முதலாண்டு இறப்பு கொஞ்சம் குறைவாகவே இருக்கும். இந்தக் கணக்கில் அது பெரிய பிழை இல்லை. பிறகு 75-இன் எண்ணை அதனால் வகுக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்கள் பயன்படுத்தும் பாலிசிதாரர் அட்டவணையை இதற்கு எடுக்க வேண்டாம். மருத்துவப் பரிசோதனையில் தேறியவர்களைக் கொண்டது அது. இறப்பு குறைவாகக் காட்டும். ஆன்யுட்டி, அதாவது வாழ்நாள் முழுக்க ஓய்வூதியம் தரும் திட்டம், வாங்கியவர்களின் அட்டவணை அதைவிடக் குறைவாகக் காட்டும், நீண்ட நாள் வாழ்வோம் என்ற நம்பிக்கை உள்ளவர்கள்தானே அதில் பணம் போடுகிறார்கள். எந்த அட்டவணையானாலும் அது இன்றைய இறப்பு விகிதமே அடுத்த ஒன்பது ஆண்டும் நீடிக்கும் என்று எடுத்துக்கொள்கிறது. மருத்துவம் மேம்பட்டுவருவதால் வரும் விடை சற்றுக் கூடுதலாகவே இருக்கும்.

திருத்தம் வெளியிடுவதாக இருந்தால் கட்டத்தை இப்படி மாற்றலாம்: 'மனைவியை இழந்த ஆண்களுக்கு முதல் ஆறு மாதங்களில் இறப்பு வாய்ப்பு கூடுகிறது, பின்னர் படிப்படியாகக் குறைந்துவிடுகிறது. 73 விழுக்காடு என்பது படத்தின் நாயகர் தன் கடிதத்தில் எழுதுவது.' முதல் ஆறு மாதம் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் எதையும் அலட்சியப்படுத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், வழக்கமாகச் சாப்பிடும் ரத்த அழுத்த மாத்திரையை மனைவி எடுத்துக் கொடுத்துப் பழகியிருந்தால் அந்த வேலையை வீட்டில் வேறொருவர் ஏற்க வேண்டும் என்ற இரண்டு வரியையும் சேர்த்தால் இடம் அதிகம் பிடிக்காது.

இப்படிக்கு,
காப்பீட்டுக் கணிப்புப் பிரிவில் பணிபுரியும் வாசகர்,
சென்னை