மணலைச் சமன் செய்தவர்களுக்கும் விழக் கற்றுத்தந்தவர்களுக்கும்

அன்புடையீர்,

தடகளமும் ஜூடோவும் இல்லாத என் வாழ்க்கையை நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டிலும் நான் பெரிய ஆள் இல்லை. ஆனால் ரசிக்கத் தெரியும். அதைக் கற்றுத்தந்தவர்களுக்கு இந்த மடல்.

முதலில், நீளம் தாண்டுதல் பயிற்சியாளர் ஐயாவுக்கு. "தாண்டுறதை எல்லாரும் பார்ப்பாங்க, நீ ஓடி வர்றதைப் பாரு" என்பீர்கள். காலூன்றித் தாண்டும் பலகைக்கு முன்னால் கடைசிக்கு முந்தைய அடி நீள்கிறதா, கடைசி அடி குறுகுகிறதா என்று கவனிக்கச் சொன்னதும் நீங்கள்தான். 1991 டோக்கியோ உலகப் போட்டியை அந்தக் கண்ணோடு பார்த்தேன். நான்காம் முறை கார்ல் லூயிஸ் 8.91 மீட்டர் தாண்டினார். பாப் பீமன் 1968இல் தாண்டி, அன்றுவரை உலக சாதனையாக இருந்த 8.90ஐவிட ஒரு சென்டிமீட்டர் கூடுதல்! ஆனால் பின்காற்று வினாடிக்கு 2 மீட்டருக்கு மேல் வீசியதால் அது சாதனைக் கணக்கில் சேரவில்லை. அடுத்த சுற்றில் மைக் பாவெல் 8.95 தாண்டிவிட்டார். காற்றுமானியைக் கவனித்தவர், தூரம் அளந்தவர், ஒவ்வொரு முறையும் மணலைச் சமன் செய்தவர் எல்லாம் இல்லாமல் அந்த நாளே இல்லை. எந்த ஊர் மைதானமாக இருந்தாலும் சரி, அந்த வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

அப்புறம் ஜூடோ ஆசிரியர். எதிராளியைத் தூக்கிப்போடக் கற்றுத்தருவார் என்று வந்தவர்களை, முதலில் விழ மட்டுமே பழக்கினீர்கள். தாடையை மார்போடு ஒட்டி, கையால் விரிப்பை அறைந்து விழுவது. அப்போது சலிப்பாகத்தான் இருந்தது. 1964 டோக்கியோ ஒலிம்பிக் கதையையும் உங்களிடம்தான் கேட்டேன். ஜப்பானின் காமினாகாவை வென்ற நெதர்லாந்து வீரர் கீசிங்க், கொண்டாட ஓடிவந்த தம் நாட்டு ரசிகர்களைக் கையைக் காட்டி நிறுத்தினார். அந்த வெற்றியைவிட அந்தக் கை எனக்குப் பெரிது.

நடு இரவில் ஒலிம்பிக் பார்க்கும் என்னைப் பொறுத்துக்கொண்ட வீட்டாருக்கும் நன்றி. அலாரம் வைத்தது நான், விழித்தது அவர்கள்.

கடைசியாக, இப்போது என்னோடு பயிற்சி செய்யும் தம்பி தங்கைகளுக்கு. உங்கள் உடம்பை நம்பிக்கையோடு என் கையில் கொடுக்கிறீர்கள், மிக்க நன்றி. ஆனால் வயசானவர் என்று என்னை மட்டும் மெதுவாகக் கீழே இறக்கி வைக்கிறீர்கள். அது வேண்டாம். ஒழுங்காகத் தூக்கிப் போடுங்கள்.