பாளையங்கோட்டைப் பட்டாளத்தை ஊருக்குள் அழைத்து வாருங்கள்

திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகப் பொறுப்பாளர் அவர்களுக்கும், இந்த ஊர்க் கல்லூரிகளில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு காலாட்படை பட்டாலியன் இருந்தது. 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்பது அதன் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் 18-ம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கி, முதல் உலகப்போர் வரை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் இருந்த படை. போர் முடிந்த சில ஆண்டுகளில் கலைத்துவிட்டார்கள். இன்று பாளையில் யாரை நிறுத்திக் கேட்டாலும் அப்படி ஒன்று இருந்ததே தெரியாது. ஐம்பது வயதுவரை எனக்கும் தெரியாது.

தெரியவந்தது ஒரு கல்லால்தான். தென்மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்திக்கு நேரம் இருந்ததால் பக்கத்தில் இருந்த பழைய பள்ளிக்கூடத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். சுவரில் ஒரு வெள்ளைப் பளிங்குப் பலகை. வருஷாவருஷம் சுவருக்கு அடித்த சுண்ணாம்பைப் பலகை மேலும் சேர்த்தே அடித்திருந்தார்கள். எழுத்துப் பள்ளங்கள் அடைத்துப் போயிருந்தன. விரலால் தடவித் தடவித்தான் படிக்க முடிந்தது. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914 - 1919 பெரும்போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் இருந்தது. அவ்வளவுதான். எண்ணிக்கை உண்டு, பெயர் கிடையாது. பழைய சென்னை மாகாணத்தில் இப்படிப்பட்ட கற்கள் பல ஊர்களில் உண்டு. திரும்பி வந்து, இந்த ஆட்கள் எங்கே போனார்கள் என்று தேட ஆரம்பித்தேன். அந்தத் தேடல் என்னை டாங்காவில் கொண்டுபோய் விட்டது.

டாங்கா இன்றைய தான்சானியாவின் கடற்கரையில் இருக்கிற ஒரு துறைமுகம். அப்போது ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்கா. 1914 அக்டோபர் 16-ந்தேதி பம்பாயிலிருந்து சுமார் 8,000 பேர் அடங்கிய இந்தியப் படை ஒன்று அந்தத் துறைமுகத்தைப் பிடிக்கக் கப்பலேறியது. தலைமை மேஜர் ஜெனரல் ஆர்தர் ஐட்கென். அதில் ஒரு பட்டாலியன் நம்முடையது.

அந்தப் படையில் கடலைப் பார்த்திராதவர்கள் ஏராளம். சில பிரிவுகள் பம்பாய்த் துறைமுகத்திலேயே கப்பலுக்குள் நாள்கணக்கில் புழுங்கிக் கிடந்தன. அப்புறம் இரண்டு வாரத்துக்கு மேல் கடல் பயணம், வாந்தி, பழகாத சாப்பாடு. பல பட்டாலியன்களுக்குப் புதிய துப்பாக்கியே கிளம்புகிற சமயத்தில்தான் கைக்கு வந்தது. அதைச் சுட்டுப் பழகவும் இடமில்லை, நேரமுமில்லை. அக்டோபர் கடைசியில் மொம்பாசா துறைமுகத்தில் (இன்றைய கென்யா) ஆலோசனை நடந்தபோது, ஆட்களைக் கொஞ்சம் கரையிறக்கி நடமாட விடலாம், காடு தெரிந்த ஆப்பிரிக்க ரைஃபிள் படையையும் கூட அழைத்துப் போகலாம் என்றெல்லாம் பேச்சு வந்தது. ஐட்கென் இரண்டையும் ஏற்கவில்லை. ரகசியம் கெட்டுவிடும் என்றார்.

ஆனால் ரகசியத்தை அவர்கள் தரப்பே உடைத்தது. டாங்காவில் சண்டை இல்லை என்று பிரிட்டிஷ் கடற்படைக்கும் அந்த ஊர் ஜெர்மன் அதிகாரிகளுக்கும் இடையே ஓர் ஏற்பாடு இருந்தது. நவம்பர் 2-ந்தேதி 'ஃபாக்ஸ்' என்ற போர்க்கப்பல் முதலில் தனியாகப் போய், அந்த ஏற்பாடு ரத்து என்று முறைப்படி அறிவித்துவிட்டுத் திரும்பியது. ஜெர்மானியத் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்குக்கு அந்த நேரம் போதுமானதாக இருந்தது. உள்நாட்டில் இருந்த மோஷி என்ற ஊரிலிருந்து கடற்கரைவரை சுமார் 350 கிலோமீட்டர் ரயில் பாதை உண்டு. அவர் ரயில் ரயிலாக ஆள் இறக்கினார். கடைசியில் அவரிடம் சேர்ந்தது ஏறக்குறைய ஆயிரம் பேர்தான். பெரும்பாலோர் அஸ்காரிகள் என்கிற ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். சொந்தக் காட்டில், நல்ல பயிற்சியோடு, எதிரி வரும் திசை தெரிந்து காத்திருந்தார்கள்.

நம்மவர்கள் ராஸ் கசோனே முனையில், சதுப்பும் செங்குத்துக் கரையுமாக இருந்த இடத்தில் இறக்கப்பட்டார்கள். பீரங்கிகளைக் கரைக்கே கொண்டுவரவில்லை. கப்பல் தளத்திலிருந்தே சுட்டார்கள். முன்னால் என்ன இருக்கிறது என்று சரியாக வேவு பார்க்கவும் இல்லை. நவம்பர் 4-ந்தேதி மதிய வெயிலில் ரப்பர் தோட்டத்துக்குள்ளும் புதருக்குள்ளும் எல்லாரையும் வரிசையாக முன்னேறச் சொன்னார்கள். அந்த மாதிரிப் புதரில் பக்கத்து ஆள் நாலடி தள்ளிப்போனால் கண்ணுக்குத் தெரியமாட்டான். அதிகாரி குண்டுபட்டு விழுந்தால் பின்னால் வருகிறவனுக்கு யார் சொல்லைக் கேட்பது என்று புரியாது. மறைவிலிருந்து இயந்திரத் துப்பாக்கிகள் பேசத் தொடங்கின. அங்கே மரங்களில், குடைந்த கட்டைகளில் தேனீக்கள் கூடு வைத்திருந்தன. சூட்டுச் சத்தத்தில் அவையும் கலைந்து வந்து கொட்டின. இன்றைக்கும் அந்தச் சண்டைக்குத் 'தேனீக்கள் சண்டை' என்றே பட்டப்பெயர்.

63-வது பட்டாலியன் உடைந்தது. பலர் துப்பாக்கியைப் போட்டுவிட்டுக் கடற்கரைக்கு ஓடினார்கள். இதை மறைக்கச் சொல்லி நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. ஓடியது உண்மை. அவர்கள் மட்டும் ஓடவில்லை, வேறு பட்டாலியன்களிலும் வரிசை குலைந்தது. அதே சமயம் காஷ்மீர் ரைஃபிள்ஸும் லாங்கஷயர் வெள்ளைக்காரப் பட்டாலியனும் ஊருக்குள்ளேயே புகுந்து வீடுவீடாகச் சண்டை போட்டார்கள். 101-வது கிரெனேடியர்ஸ் பக்கவாட்டில் அடி வாங்கிக்கொண்டு நின்றார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் எல்லாரையும் திரும்பக் கப்பலேற்றினார்கள். நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளும் லட்சக்கணக்கான தோட்டாக்களும் கரையிலேயே கிடந்தன, எதிரிக்கு ஆகட்டும் என்பது போல. இந்தத் தரப்பில் செத்தவர்கள் சுமார் 360 பேர். ஜெர்மன் தரப்பில் எழுபது சொச்சம்.

அதற்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு மனசைப் பிசைகிறது. ஐட்கெனின் பதவியை இறக்கினார்கள், உண்மைதான். ஆனால் புத்தகங்களில் பழி தங்கியது சிப்பாய் மேல். அந்தப் படையில் உளவு அதிகாரியாக இருந்த மைனர்ட்ஸ்ஹாகன் என்பவருடைய நாட்குறிப்பில் இந்தியச் சிப்பாய்களைக் கேவலமாக எழுதியிருப்பதை எடுத்துப்போட்டே பல வரலாறுகள் எழுதப்பட்டன. அவருடைய நாட்குறிப்பில் பல பகுதிகள் பின்னால் மாற்றி எழுதியவை, நம்பத்தகாதவை என்று ஆய்வாளர்கள் பிற்பாடு காட்டினார்கள். ஆனால் அந்த வசவு போகிற இடத்துக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

தெற்கத்தி ஆள் சண்டைக்கு லாயக்கில்லை என்ற பேச்சு டாங்காவில் பிறந்ததும் இல்லை. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஃபிரடெரிக் ராபர்ட்ஸ், பிறகு இந்தியா முழுமைக்கும் தளபதியானவர், இந்தக் கருத்தைக் கொள்கையாகவே ஆக்கினார். வடக்கத்திச் சாதிகள் சிலதான் 'போர் இனம்' என்றார்கள். சென்னைப் பட்டாலியன்களில் பலவற்றில் ஆட்களையே மாற்றினார்கள். 1903-ல் படைகளுக்குப் புது எண் கொடுத்தபோது சென்னைக் காலாட்படையின் பழைய எண்ணோடு அறுபதைக் கூட்டினார்கள். 3-வது சென்னைப் படை 63 ஆனது. அதற்கு முந்தைய எண்ணான 2-வது சென்னைப் படை 62-வது பஞ்சாபிஸ் ஆனது. எண் மட்டும் வரிசையாக வந்தது, ஆள் சென்னை ஆள் இல்லை. இப்படிப் பக்கத்துப் பட்டாலியனைக் கண்ணெதிரே கலைத்துவிட்டு, மிச்சமிருந்ததைப் பெரிய சண்டை எதுவும் பார்க்காத காவல் வேலையில் வைத்திருந்துவிட்டு, ஒருநாள் திடீரென்று கப்பலில் ஏற்றி ஆப்பிரிக்கப் புதருக்குள் தள்ளி, ஓடினாயே என்று கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறதா?

போருக்குப் பிறகு சென்னைக் காலாட்படை ஒவ்வொன்றாகக் கலைந்தது. 1933-ல் சாலை போடுவது போன்ற வேலைகளைச் செய்த பயனியர் படையும் போனது. இரண்டாம் உலகப்போர் வந்து ஆள் தேவைப்பட்டபோது மறுபடி மெட்ராஸ் ரெஜிமெண்ட் எழுந்தது. இன்று நீலகிரி வெலிங்டனில் அதன் மையம் இருக்கிறது. அந்தக் கதை எல்லாருக்கும் ஓரளவு தெரியும். நடுவில் காணாமல்போன இந்த 63-ஐத்தான் யாரும் கேட்பதில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நீங்கள் கேட்பீர்கள். இது கம்பெனிப் படைதானே, நம்மை அடக்க நம்மாட்களையே வைத்து நடத்திய படைதானே என்று. ஆமாம். பாளையக்காரர் போர்க் காலத்தில் பாளையங்கோட்டைதான் கம்பெனியின் ராணுவத் தளம். 1801-ல் ஊமைத்துரை தப்பியது இந்தக் கோட்டைச் சிறையிலிருந்துதான். கோட்டையின் மிச்சத்தைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் போகிறோம். ஊமைத்துரையின் பக்கம் நிற்கிற என் மனசில் அதனால் ஒன்றும் மாற்றமில்லை. ஆனால் 1914-ல் அந்தப் பட்டாலியனில் இருந்தவன் யார்? சென்னைக் காலாட்படைகளுக்கு அப்போது மாகாணத்து முஸ்லிம்கள், தமிழ் இந்துக்கள், பறையர்கள், கிறிஸ்தவர்கள் என்று ஆள் எடுத்தார்கள். பெயர்தான் பாளையங்கோட்டை, ஆட்கள் பல மாவட்டத்துக்காரர்கள். மாதச் சம்பளத்துக்காகவும், வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்காகவும், ஊரில் கிடைக்காத கொஞ்சம் மரியாதைக்காகவும் சேர்ந்தவர்கள் அவர்களில் எத்தனையோ பேர். ஊரில் சில தெருக்களில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவனுக்குப் பட்டாளம் பூட்ஸ் கொடுத்தது. அவனைக் கம்பெனி கணக்கில் எழுதித் தள்ளிவிட எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, உங்களிடம் என்ன கேட்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

கல்லூரி ஆசிரியர்களுக்கு முதலில். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் படைப்பிரிவின் பெயரைக் கொடுத்து இறந்தவர்களைத் தேடலாம். சில பதிவுகளில் தகப்பன் பெயரும் ஊர்ப் பெயரும்கூட இருக்கும். ஆனால் எழுதினவர் ஆங்கில குமாஸ்தா. திருநெல்வேலியை டின்னவேலி என்றும் தூத்துக்குடியை டூட்டிகோரின் என்றும் எழுதிய காலம். ஒரு சின்னக் கிராமத்தின் பெயர் அவர் கையில் என்ன பாடு பட்டிருக்கும்! லண்டனில் இருப்பவரால் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. நம் பிள்ளைகளால் முடியும். இந்தப் பெயர் எந்த ஊராக இருக்கும் என்று பஸ் கண்டக்டரிடம் கேட்டாலே பாதி தெரிந்துவிடும். மூன்று மாணவர்களை ஒரு பருவத்துக்கு இதில் உட்கார வையுங்கள் என்று வேண்டுகிறேன்.

இதை ஆணையமே தன் தவறு என்று ஒப்புக்கொண்டுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். முதல் உலகப்போரில் இறந்த ஆசிய, ஆப்பிரிக்க வீரர்களில் குறைந்தது 1,16,000 பேருக்குப் பெயர் சொல்லி நினைவுச்சின்னம் இல்லை, அல்லது நினைவுச்சின்னமே இல்லை என்று 2021-ல் அதன் சிறப்புக் குழு அறிக்கை தந்தது. எண்ணிக்கை 3,50,000 வரைகூட இருக்கலாம் என்றது. அதே ஆண்டு, லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பஞ்சாப் வீரர்களின் பதிவேடுகள், ஏறத்தாழ 3,20,000 பேருடையவை, இணையத்துக்கு வரத் தொடங்கின. பஞ்சாபிகள் தங்கள் தாத்தாக்களை ஊர் வாரியாகத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். நாம் இன்னும் பளிங்குப் பலகைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறோம்.

அருங்காட்சியகப் பொறுப்பாளர் அவர்களுக்கு: பெரிய கூடம் கேட்கவில்லை, ஒரு சுவர் போதும். டாங்காவின் வரைபடம் ஒன்று, பட்டாலியனின் வரலாறு ஒரு பக்கம், கிடைத்த பெயர்கள். ஓடினார்கள் என்பதையும் அதே சுவரில் எழுதுங்கள். ஏன் ஓடினார்கள் என்பதை அதற்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்க்கிற இடம் அது.

ஆட்சியர் அவர்களுக்கு: மாவட்டத்தில் எந்தெந்தப் பள்ளியில், பழைய கட்டடத்தில் இந்தப் பெரும்போர்க் கற்கள் இருக்கின்றன என்று கிராம நிர்வாக அலுவலர்கள் மூலம் ஒரு கணக்கு எடுக்க உத்தரவிடுங்கள். பழைய கட்டடங்களை இடிக்கும்போது இந்தக் கற்கள்தான் முதலில் குப்பைக்குப் போகும். நான் பார்த்த அந்தக் கல்லும் இப்போது இல்லை. போன வருஷம் மறுபடி அந்த ஊருக்குப் போனேன். புதுக் கட்டடம் எழும்பிவிட்டது. பழைய சுவர் எங்கே போனது என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்குக் கல்யாண வீட்டுக்குப் போன கையோடு போனில் எடுத்த நாலு படம்தான் மிச்சம். அதிலும் ஒன்று ஆடிப்போயிருக்கிறது.

அந்தப் படங்களையும், இதுவரை நான் எழுதி வைத்திருக்கிற குறிப்பு நோட்டையும் அருங்காட்சியகத்துக்கு அப்படியே கொடுத்துவிடுகிறேன். வேலை நாளில் என்றைக்கு வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள். வரும் நவம்பர் 4-ந்தேதிக்கு முன்பாக என்றால் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில் குடியிருக்கும் ஓர் ஓய்வுபெற்ற நூலகர்